மாமனார் எடுத்த ஃபேர் காப்பி

ஒரு உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முப்பத்து நாலு வயது வரைக்கும் என் வாழ்க்கையில் நான் சாதித்ததாக நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த ஒரே விஷயம், ஒண்ணுக்குப் போகாமல் இருப்பது.

சிரிக்காதீர்கள். அது லேசான காரியம் இல்லை. காலை ஐந்தேகாலுக்கு வீட்டில் போனால் அத்தோடு சரி. அப்புறம் ராத்திரி எட்டே முக்காலுக்கு, திரும்பவும் வீட்டில்தான். நடுவில் ஊரிகம் ஸ்டேஷன், பங்காருபேட்டை, வொயிட்ஃபீல்டு, ஆபீஸ், மறுபடி அதே வழியில் திரும்பல். எங்கள் வண்டியில் கழிப்பறை உள்ள பெட்டியில் தாழ்ப்பாள் இருக்காது. தாழ்ப்பாள் இருந்தால் தண்ணீர் இருக்காது. இரண்டும் இருந்தால் அதற்குள்ளேயே நாலு பேர் நின்றுகொண்டு பயணம் செய்வார்கள். ஆபீஸில் (பிளாஸ்டிக் டப்பா செய்கிற கம்பெனி, எனக்கு டெஸ்பாட்ச் செக்‌ஷன்) பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை உண்டு. அதன் சாவி மேனேஜரின் மேசை டிராயரில். போக வேண்டுமென்றால் அவர் எதிரில் போய் நின்று கேட்க வேண்டும். கேட்டால் “இப்பத்தானே போனீங்க” என்று சொல்லிவிடுவாரோ? அப்படி அவர் யாரையும் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லிவிடுவாரோ என்ற பயத்திலேயே நான் பதினோரு வருஷம் ஓட்டிவிட்டேன்.

வண்டி சிநேகிதிகள் எனக்கு ‘ஒட்டகம்’ என்று பேர் வைத்திருந்தார்கள். நான் அதை ஏதோ பட்டமளிப்பு விழாவில் வாங்கியதுபோல வைத்துக்கொண்டேன். காலையில் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு கிளம்புவேன், நிரம்பியது நிரம்பியபடியே திரும்பக் கொண்டுவருவேன். (அந்தத் தண்ணீரை ராத்திரி ரோஜாச் செடிக்கு ஊற்றுவேன். பெங்களூரு வரை போய்வந்த தண்ணீர் என்பதாலோ என்னவோ, செடி அமோகமாக வளர்ந்தது.)

வீட்டில் எனக்கு நேர் எதிராக ஒருவர் இருந்தார். என் மாமனார் ஜேக்கப். எங்கள் ஊரில் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் பம்ப் ஆபரேட்டர். பூமிக்கு அடியில் ஊறுகிற தண்ணீரை மேலே ஏற்றி அனுப்புகிற பம்ப்புகள் நிற்காமல் பார்த்துக்கொள்வதும், மணிக்கு மணி ரிஜிஸ்டரில் கணக்கு எழுதுவதும் அவர் வேலை. மாமியார் தவறிய பிறகு எங்களோடு இருந்தார். எங்களோடு என்றால் என் கணவர் எட்வின், மகள் ஷெரின், நான். எழுபது தாண்டியதும் மாமாவுக்கு அரைமணிக்கு ஒருதரம் பின்பக்கம் ஓட வேண்டியதாகிவிட்டது. சர்ச்சில் முதல் பெஞ்சில் உட்காருகிறவர் கடைசி பெஞ்சுக்கு வந்தார், அப்புறம் வாசலை ஒட்டிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிக்கு வந்தார். பிரசங்கம் முடிவதற்குள் மூன்று தரம் எழுந்து போவார். கேட்டால், “பாஸ்டர் இன்னிக்கி ரொம்ப நேரம் பேசிட்டாருப்பா” என்று பழியை அந்தப் பக்கம் தள்ளிவிடுவார்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருக்கும். பாவம், வயசு. நமக்கெல்லாம் இப்படி வருமா என்று நினைத்துக்கொள்வேன். என் திமிரை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஆறு வருஷத்துக்கு முன், ஒரு நாள் வேலை விட்டு வந்து வழக்கம்போல உட்கார்ந்தேன். வரவில்லை.

முட்டிக்கொண்டு நிற்கிறது, அடிவயிறு கல்லாக இருக்கிறது, ஆனால் வரவில்லை. குழாயைத் திறந்தேன், மூடினேன். முன்னால் குனிந்தேன், பின்னால் சாய்ந்தேன். ஜெபம்கூடப் பண்ணினேன். (இந்த விஷயத்துக்கெல்லாம் ஆண்டவரைக் கூப்பிடலாமா என்று நடுவில் சந்தேகம் வந்து, பாதியில் நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தேன்.) அரைமணி கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.  இதுதான் சாவு என்று அன்றைக்கு நிஜமாகவே நினைத்தேன். மறுநாளும் அப்படி, அதற்கு மறுநாளும் அப்படி. பக்கத்து கிளினிக்கில் ஸ்கேன் எடுத்தார்கள். ஒண்ணுக்குப் போய்விட்டு வந்து எடுத்த படத்தைப் பார்த்து, “போனப்புறமும் இவ்ளோ நிக்குதே?” என்று அந்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். டாக்டர்கள் கண்ணாடியைத் துடைத்தால் எனக்குக் குலை நடுங்கும். கோலாரில் இதற்கென்றே இருக்கிற டாக்டர் ஒருவரிடம் போகச் சொல்லிச் சீட்டு எழுதினாள்.

எட்வினுக்கு எதிலும் சிக்கனம். “நைனாவையும் அதே டாக்டருகிட்ட காட்டணும். ரெண்டு பேரும் ஒண்ணாப் போயிட்டு வந்துடலாம்” என்றார்.

“மாமா கூடவா? இதுக்கா? எனக்கு மானமே போயிடும்ங்க.”

“அவருக்கும் அதே வியாதிதானே. இதுல இன்னா மானம்?”

ஒரே வியாதி என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

முதல் தடவை எட்வினும் கூட வந்தார். டாக்டர் தமிழ்நாட்டில் படித்தவர், நல்ல தமிழ் பேசினார். எங்களை அதிகம் விசாரிக்கவில்லை. ஆளுக்கு ஒரு அளவு ஜாடியும் ஒரு தாளும் கொடுத்தார். மூன்று நாள், எத்தனை மணிக்குப் போகிறோம், எவ்வளவு போகிறோம், எவ்வளவு தண்ணீர் குடிக்கிறோம், எல்லாம் எழுதிக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வர வேண்டும். “உள்ளது உள்ளபடி எழுதுங்க. இதை வச்சுத்தான் நான் முடிவு பண்ணுவேன்” என்றார்.

அளவு ஜாடியைப் பார்த்ததும் மாமாவின் முகத்தில் ஒரு வெளிச்சம். சுரங்கம் மூடிய பிறகு யாரும் அவரிடம் ரீடிங் கேட்கவில்லை அல்லவா. வீட்டுக்கு வந்த கையோடு குளியலறைக் கதவின் உட்பக்கம் இரண்டு தாள்களையும் ஒட்டினார். நடுவில் ஆணி அடித்து, நூலில் பென்சில் கட்டித் தொங்கவிட்டார். தன் தாளின் தலைப்பில் ‘நம்பர் 1 பம்ப்’ என்றும் என் தாளில் ‘நம்பர் 2 பம்ப்’ என்றும் எழுதினார். நான் இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டேன்.

அதோடு போனதா? வியாழக்கிழமை ஜெபத்துக்கு வந்த பாஸ்டர், “கொஞ்சம் கை கழுவிட்டு வரேன்” என்று உள்ளே போனார். கை கழுவ யாருக்கும் அவ்வளவு நேரம் ஆகாது. திரும்பி வந்து கண்ணை மூடி, நோயாளிகளுக்காக ஜெபித்தவர், “இந்த வீட்டிலே அடக்கிக்கொண்டிருக்கிறவர்களையும், அடக்க முடியாதவர்களையும்” என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார். ஷெரின் மட்டும் சத்தமாக ஆமென் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி நான் வேலையிலிருந்து வந்தபோது மாமா ஸ்கேல், சிவப்புப் பேனா, நீலப் பேனாவுடன் உட்கார்ந்திருந்தார்.

“ரெண்டு தாளும் ஓரம் நனஞ்சி பூட்ச்சிம்மா. இத்த எப்டி டாக்டருகிட்ட குடுக்கறது? நான் ஃபேர் காப்பி எடுத்துட்றேன்.”

“எதுக்கு மாமா கஷ்டம்?”

“இதுல இன்னா கஷ்டம்? பம்ப் ஹவுஸ்ல கீழ எழ்தறது ரஃப்பு. ஷிப்ட் முட்ச்சி மேல வந்து எழ்தறது ஃபேரு. ஆபீசரு பாக்கறது ஃபேர்தான்.”

என் சிறுநீர்க் கணக்கைப் பற்றி மாமனாரோடு இன்னொரு நிமிஷம் பேசுவதைவிட மண்ணுக்குள் போவது மேல் என்று தோன்றியது. “சரி மாமா” என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் நுழைந்துகொண்டேன். எழுதி முடித்துக் கவரில் போட்டு ஒட்டினார். நான் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்துப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

சனிக்கிழமை எட்வினுக்கு டியூட்டி. மாமாவும் நானும் மட்டும் கோலார் பஸ் ஏறினோம். பரிசோதனைக்கு வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். குடித்தோம். அதன் பலன் ஆளுக்கு ஒருவிதமாக இருந்தது. மாமா பங்காருபேட்டை தாண்டுவதற்குள் டிரைவரிடம் போய் கையெடுத்துக் கும்பிட்டார். பஸ் நின்றது. புளியமரத்தடிக்கு ஓடிப்போய்விட்டு வந்தார். பத்து நிமிஷத்தில் மறுபடி எழுந்தார்.

“ஏன் அஜ்ஜா, மத்தே?” என்றார் கண்டக்டர் கன்னடத்தில். மறுபடியுமா என்று அர்த்தம். பஸ் முழுக்கச் சிரித்தது. மாமாவும் கூடச் சிரித்தார். ஆனால் கம்பியைப் பிடித்திருந்த அவர் கை வெளுத்துப்போயிருந்தது. திரும்பி ஏறும்போது வேட்டியின் முன்பக்கத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டார். அதை நான் பார்த்தேன், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எனக்கோ இங்கே வயிறு வெடிக்கிறமாதிரி இருக்கிறது. இறங்கிப் போனாலும் வராது என்று தெரியும். ஒரே சீட்டில், ஒருவருக்கு நிற்கவில்லை, ஒருவருக்கு வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பயத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறைக்குள் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று இருந்தது. அடியில் புனல், புனலுக்கு அடியில் மெஷின். அதில் உட்கார்ந்து போனால் எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று கோடு கோடாகக் காகிதத்தில் வரைந்து கொடுக்கும். என் பேரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். டெக்னீஷியன் சின்னப் பெண், கன்னடக்காரி. “டென்ஷன் பேடா அக்கா, நிதானவாகி மாடி” என்று, பதறாமல் நிதானமாகப் போகச் சொல்லிவிட்டுக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டாள்.

நிதானமாகத்தான் உட்கார்ந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் செருப்புச் சத்தம். அதற்கு அந்தப் பக்கம் பெஞ்சில் என் மாமனார். வாசலில் இருபது பேர். அத்தனை பேரும் என் சத்தத்துக்காகக் காது கொடுத்துக் காத்திருப்பதாக எனக்குப் பட்டது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். காகிதத்தில் கோடு தரையை விட்டு எழும்பவில்லை.

“பந்தா அக்கா?” வந்துவிட்டதா என்று கேட்கிறாள்.

“இல்லம்மா.”

அவளுக்குத் தெரிந்த வைத்தியத்தை அவள் செய்தாள். வெளியே இருந்த வாஷ்பேசின் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தம் கேட்டால் வந்துவிடும் என்று கணக்கு. வந்தது. எனக்கு இல்லை.

“அய்யோ, மூடும்மா! கொயாய மூடும்மா!” என்று மாமாவின் குரல். அடுத்த விநாடி கதவில் தடதடவென்று அடி. “கிரேஸம்மா, கொஞ்சம் எய்ந்து வாம்மா, ஆத்திரம்மா!”

நான் புடவையை வாரிச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன், அவர் உள்ளே பாய்ந்தார். கதவு சாத்துவதற்குள் மெஷின் கோடு வரைய ஆரம்பித்துவிட்டது. வாசலில் காத்திருந்தவர்கள் எல்லோரும் இப்போது உண்மையிலேயே எங்களைத்தான் பார்த்தார்கள். அந்தப் பெண் காகிதத்தைக் கிழித்து, என் பேரை அடித்து, மாமாவின் பேரை எழுதினாள். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு, நான் பதினோரு வருஷம் பட்ட பாட்டைவிடப் பெரிசு.

முக்கால் மணி கழித்து எனக்கும் கொஞ்சம் வந்தது. உடனே படுக்கவைத்து வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள். இன்னும் பாதிக்கு மேல் உள்ளேயே நின்றுகொண்டிருந்தது.

டாக்டர் எங்கள் இருவரையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டார். கவரைப் பிரித்து மாமாவின் ஃபேர் காப்பியைப் பார்த்தார். “இவ்வளவு சுத்தமா யாரும் எழுதிக் கொடுத்ததில்ல” என்று பாராட்டினார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று நினைத்தேன். டாக்டர் மறுபடி என் தாளைப் பார்த்தார், ஸ்கேனைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

நான் அப்போதே ஜெபத்தை ஆரம்பித்துவிட்டேன்.

“பாருங்கம்மா, நீங்க ஒழுங்கா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் போறீங்க. தண்ணியும் சரியாக் குடிக்கிறீங்க. பழக்கத்துல தப்பு ஒண்ணும் இல்ல. அப்படி இருந்தும் இவ்வளவு தங்குதுன்னா, உங்க வயசுக்கு இது சாதாரணம் இல்ல. சிறுநீர்ப்பைத் தசைக்கு உத்தரவு கொடுக்கிற நரம்புல கோளாறு இருக்கலாம். முதுகுத்தண்டை ஸ்கேன் பண்ணிப் பாத்துடணும். அதுவரைக்கும் தேக்கி வைக்க முடியாது. சின்னதா ஒரு டியூப் இருக்கு, அதை நீங்களே உள்ள விட்டு ஒரு நாளைக்கு நாலு தரம் எடுத்துக்கணும். நர்ஸ் சொல்லிக் கொடுப்பாங்க.”

“எத்தனை நாளைக்கு டாக்டர்?”

“ஸ்கேன் பாத்துட்டுச் சொல்றேன். சிலபேருக்கு எப்பவுமே தேவைப்படும்.”

எப்பவுமே. அதற்கப்புறம் அவர் பேசியது எதுவும் காதில் விழவில்லை. அதற்கு முன்னால், ஒழுங்காக இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் போகிறேன் என்று அவர் சொன்னதுகூட விழவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்திருந்தாலும் எனக்கு உறைத்திருக்காது. முதுகுத்தண்டு, டியூப், எப்பவுமே. இந்த மூன்று வார்த்தைதான் தலைக்குள் சுற்றியது. தாழ்ப்பாள் இல்லாத வண்டியில் டியூபை எப்படிப் போடுவது? மேனேஜரிடம் சாவி கேட்கவே பயந்தவள் நாலு தரம் எப்படிக் கேட்பது? நாளைக்குக் கால் விளங்காமல் போய்விட்டால் ஷெரினை யார் பார்ப்பார்கள்? எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமனார் பக்கத்தில் இருக்கிறார் என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதேன்.

டாக்டர் மாமாவின் தாளைப் பார்த்து, “உங்களுக்கு ஒரு நாளைக்கு ஏழு தரம்தான், பரவாயில்ல, மாத்திரை எழுதறேன்” என்றார். மாமா சட்டைப் பையை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வெளியே வந்தோம். ஸ்கேன் சீட்டு ஒரு கையில், நர்ஸ் கொடுத்த டியூப் பாக்கெட் ஒரு கையில். மாமா கழிப்பறைக்குள் போனார். பத்து நிமிஷம் ஆகியும் வரவில்லை. விழுந்துவிட்டாரோ என்று புதுசாக ஒரு பயம். எழுந்து போய்க் கதவைத் தட்டலாம் என்று நினைக்கும்போது வெளியே வந்தார். முகம் கழுவியிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராக டாக்டர் அறைக்குப் போய், டோக்கன் கேட்ட நர்ஸைத் தாண்டி, உள்ளே நுழைந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். உள்ளே வேறு ஒரு பெரியவர் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

“டாக்டர், நான் ரிஜிஸ்டர்ல பொய் எழ்திட்டேன்.”

“எந்த ரிஜிஸ்டர்?”

“ஒண்ணுக்கு ரிஜிஸ்டர் டாக்டர்.”

சட்டைப் பைக்குள் கைவிட்டு இரண்டு தாள்களை எடுத்தார். குளியலறைக் கதவில் ஒட்டியிருந்த அதே பழைய தாள்கள். காய்ந்து, நாலாக மடித்து, ஓரம் சுருண்டு கிடந்தன. “ரஃப் காப்பிய எப்பவும் கியிக்க மாட்டோம் டாக்டர். ஆபீசரு கையெழுத்து போடற வரிக்கும் பாக்கெட்லயே இருக்கணும். இதான் நெசம்.”

டாக்டர் என் தாளை விரித்தார். காலை ஐந்தேகால், முந்நூறு மில்லி. ராத்திரி எட்டே முக்கால், எழுநூறு. நடுவில் ஒன்றும் இல்லை. மூன்று நாளும் அப்படியே.

“மருமவ தாள்ல நடுவுல பூரா காலியா இருந்திச்சி டாக்டர். பம்ப் ஹவுஸ்ல ஒரு மணி நேரம் காலியா உட்டா மெமோ குடுப்பாங்க. நாங்க மறந்துட்டா கூட, முன்ன பின்ன பாத்து ரொப்பிடுவோம். அது திட்டு வாங்கக் கூடாதுன்னு ரெண்டு மணிக்கு ஒரு தபா இருநூறு, இருநூறுன்னு நானே ரொப்பிட்டேன். தண்ணியும் அது குட்ச்சா மாதிரி நானே எழ்திட்டேன். இப்பிடி அது முதுகுத்தண்டுக்குப் போவும்னு எனக்குத் தெர்ல.”

“உங்க தாள்?”

மாமா கதவுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். “என்னுதும் ஏழு இல்ல டாக்டர். பத்தொம்போது.”

“ஏன் மறைச்சீங்க?”

“எங்க லைன்ல, நாலு ஊடு தள்ளி, பிரான்சிஸ்னு ஒருத்தன். அவனுக்கு டியூப் போட்டு பை மாட்டி உட்டாங்க. துணிப்பைக்குள்ள அந்தப் பைய வச்சிகினு சர்ச்சுக்கு வருவான். பசங்க பாத்து சிரிச்சானுங்க. அப்பால அவன் சர்ச்சுக்கே வர்ல. ஊட்ட உட்டே வர்ல. எனக்கு பயம் டாக்டர். அதான் எழ்தல. ஆனா இந்தப் பொண்ணு அய்வறத பாத்துகினு நான் பஸ் ஏற முடியாது.”

 அந்த மனிதருக்கு வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்கவே கூச்சம். எத்தனை பேர் எதிரில் எதை ஒப்புக்கொண்டார் என்று பாருங்கள். படுத்திருந்த பெரியவர் சட்டையை இறக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்து, “எனக்கும் சேத்து எழ்திக்கோங்க டாக்டர், நானும் கொறச்சித்தான் சொன்னேன்” என்றார்.

டாக்டர் முதலில் மாமாவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். மாமாவுக்குக் கிடைக்காத திட்டு முழுவதும் எனக்குக் கிடைத்தது.

“பதினஞ்சு மணி நேரம் அடக்குறீங்களா? எத்தனை வருஷமா?”

“பதினொண்ணு டாக்டர்.”

“இதைப் பெருமையா வேற சொல்றீங்க!”

(பெருமையாகச் சொல்லவில்லை. பழக்க தோஷத்தில் குரல் அப்படி வந்துவிட்டது.)

அப்புறம் எங்களை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். ஒரே வியாதி என்று நாங்கள் நினைத்தது உண்மையில் இரண்டு வியாதி. மாமாவின் சிறுநீர்ப்பைத் தசைக்கு வயதாகிவிட்டது. பை நிறைவதற்கு முன்பே அது தானாகத் துடித்து அவரை ஓட வைக்கிறது, ஆனால் காலி பண்ண வேண்டிய நேரத்தில் அதற்குப் பலம் போதவில்லை. அதனால் ஓட்டமும் ஓயாது, வேலையும் முடியாது. அந்த வயதில் ஒரே காரணம் என்று சொல்ல முடியாது, புராஸ்டேட், சர்க்கரை, சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எனக்கு வயதினால் வந்தது இல்லை. தசை கூப்பிடும்போதெல்லாம் ‘இப்ப வேண்டாம், இப்ப வேண்டாம்’ என்று சொல்லிச் சொல்லி, அது இழுபட்டு, கூப்பிடுவதையே குறைத்துக்கொண்டுவிட்டது. பையின் வாசலில் இருக்கிற தசையோ இறுக்கிப் பிடித்தே பழகி, விடச் சொன்னாலும் விடுவதில்லை. சின்ன வயதில் இப்படித் தேங்கினால் நரம்பைச் சந்தேகப்படத்தான் வேண்டும், ஆனால் இந்த ரஃப் காப்பியைப் பார்த்தால் முதல் சந்தேகம் பழக்கத்தின் மேல்தான்.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப டாக்டர், என் பம்ப்பு பழசு. மருமவ பம்ப்பு நல்லா கீது, வால்வு ஜாம்” என்றார்.

“கிட்டத்தட்ட அதான்.”

என் முட்டியைத் தட்டிப் பார்த்தார், பாதத்தைச் சுரண்டிப் பார்த்தார், காலை உதைக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. முதுகு ஸ்கேனைத் தள்ளி வைத்தார். டியூப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டார். மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம், வந்தாலும் வராவிட்டாலும் போய் உட்கார வேண்டும். போனதும் எழுந்து ஓடாமல், கொஞ்சம் பொறுத்து மறுபடி முயல வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம், குறையவில்லை என்றால் டியூப்தான். மாமாவுக்கு இப்போதைக்குப் பை கிடையாது. மாத்திரை, டீயைக் குறைப்பது, இன்னும் இரண்டு பரிசோதனை.

திரும்பும்போது அதே கண்டக்டர். மாமா இரண்டு தரம் பஸ்ஸை நிறுத்தினார். மூன்றாவது தரம் நிறுத்தியது நான்.

அந்த ஆறு வாரமும் மாமாதான் எனக்குக் கடிகாரம். ஒன்பது, பன்னிரண்டு, மூன்று என்று ஆபீஸுக்கு போன் வந்துவிடும். எடுத்ததும், “நம்பர் டூ பம்ப்பு ஸ்டார்ட் பண்ணியாச்சா?” ஒருநாள் கைதவறி ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். எதிரில் மேனேஜர். “ஏன்மா, வீட்ல போர்வெல் மோட்டார் ரிப்பேரா?” என்று அக்கறையாகக் கேட்டார். ஆமாம் சார் என்றேன். அப்படியே சாவியையும் கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தார். பதினோரு வருஷம் நான் பயந்து செத்தது இதற்குத்தான். அடுத்த வாரம் அவரே சாவியை வெளியே ஆணியில் மாட்டிவிட்டார், தினமும் டிராயரைத் திறப்பது அவருக்குத் தொந்தரவாக இருந்ததாம்.

ஆறு வாரம் கழித்துப் போனபோது உள்ளே தங்குவது பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. முழுசாகச் சரியாக ஒரு வருஷம் ஆயிற்று. வண்டி சிநேகிதிகள் ஒட்டகப் பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டில் மட்டும் ஒரு கேள்வி நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. ஷெரின் பரீட்சை நன்றாக எழுதினேன் என்று வந்து சொன்னால், “ரஃப்பா, ஃபேரா?” எட்வின் ஸ்டேஷனில் இருக்கிறேன், இதோ வந்துவிட்டேன் என்று போனில் சொன்னால், “ரஃப்பா, ஃபேரா?” விருந்தாளி சாப்பாடு பிரமாதம் என்று சொல்லும்போதுகூட நாங்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

மாமாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. மாத்திரையில் கொஞ்சம் நன்றாக இருந்தார், சர்ச்சில் நாற்காலியிலிருந்து கடைசி பெஞ்சுக்கு ஏறினார். போன மாதம் சிறுநீர் மறுபடி தங்க ஆரம்பித்துவிட்டது. டியூப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காகப் போன கோலார் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, மடியில் துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“பயமா கீதா மாமா?”

“எனக்கு இன்னா பயம்? அதெல்லாம் ஒண்ணுமில்ல.”

எனக்கு ரஃப் காப்பி வேண்டியிருந்தது. அவர் சட்டைப் பைக்கு நேரே கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, பையில் இருந்து எதையோ எடுப்பதுபோல எடுத்து, என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

“ரொம்ப பயமா கீதும்மா” என்றார்.